மனசு பாரமா இருக்கும்போது எந்தப் படத்தை மறுபடி போடறீங்க? அதுல எந்த இடம்?

கன்னங்குறிச்சி கணக்கு:
நம்ம சேலத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. சிறந்த பத்துப் படம், யாரு பெரிய நடிகர், அதெல்லாம் இந்த இழையில வேண்டாம். நான் கேட்கறது வேற. வேலையில நொந்து வீட்டுக்கு வந்து, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம உட்கார்ந்திருக்கும்போது உங்க கை தானா எந்தப் படத்தைத் தேடுது? அதுல எந்தக் காட்சி? அதைப் பார்த்ததால மறுநாள் நீங்க செய்யற விதத்துல ஏதாவது மாறியிருக்கா? மூணாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

என்னோடதை முதல்ல சொல்லிடறேன். ஜவுளி வியாபாரம் பண்ற ஒரு இடத்துல கணக்கு எழுதறேன். மார்ச் மாசக் கடைசி வந்துட்டா சரக்கு இருப்பு, வராத பாக்கி, வரிக்கணக்குன்னு தலை ஒரு பக்கமா வலிக்கும். அப்போ நான் போடறது 'காதலிக்க நேரமில்லை'. 1964ல ஸ்ரீதர் எடுத்த படம். முழுசா பார்க்க மாட்டேன். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்ற இடம் மட்டும்.

அந்தக் காட்சியில எல்லாரும் நாகேஷைப் பார்ப்பாங்க. நீங்க ஒரு தடவை பாலையாவை மட்டும் பாருங்க. எஸ்டேட், பங்களா, பணம், அதிகாரம் எல்லாம் இருக்கிற மனுஷன். பெத்த மகன் வாயால போடற சத்தத்துக்கு உடம்பெல்லாம் நடுங்கி உட்கார்ந்திருக்கார். செல்லப்பாகிட்ட கேமரா இல்ல, முதல் இல்ல, 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்'னு ஒரு பேர் மட்டும் இருக்கு. ஆனா கதை சொல்லும்போது அவனுக்குத் தயக்கமே கிடையாது. அவன் முழுசா நம்பறான், அதனால கேட்கறவரும் நம்பறார்.

எனக்கு அதுல ரெண்டு விஷயம் கிடைச்சது. ஒண்ணு ஓய்வு. அடுத்த நொடி என்ன வரும்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல அடுத்த போன்ல யார் என்ன கேட்பாங்கன்னு தெரியாது, இங்க தெரியும். அந்த அஞ்சு நிமிஷம் மனசு காவல் காக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு வேலைக்கே உதவிச்சு. தணிக்கைக்கு வர்றவங்ககிட்ட முன்னெல்லாம் எண்களை வரிசையா ஒப்பிப்பேன். இப்போ சரக்கு எங்க கிளம்புச்சு, எந்தக் கிடங்குல நின்னுச்சு, பணம் ஏன் வரலைன்னு ஆரம்பத்துல இருந்து கதையா சொல்றேன். கேட்கறவங்க நிமிர்ந்து உட்கார்றாங்க. குறுக்குக் கேள்வியும் குறைஞ்சிருக்கு.

நீங்க சொல்லுங்க.

அஞ்சுரோடு:
'வின்னர்' வடிவேலு. கைப்புள்ள அடி வாங்கிட்டு வந்தாலும் மறுநாள் சங்கத்துக்கு வந்து உட்கார்ந்துடுவார். பகல் பூரா வண்டி ஓட்டிட்டு வர்ற எனக்கு அது போதும். மறுநாள் மறுபடி ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறதுதானே வேலை.

கொலுசுப் பட்டறை:
அக்கா, நல்ல கேள்வி. எனக்குச் சிரிப்புப் படம் ஒத்து வராது. பாரமா இருக்கும்போது பாரமான படம்தான் இறங்கும்.

நான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் கூலிக்குக் கொலுசு செய்யறேன். வெள்ளி எங்களுது இல்ல, கொடுக்கிறவங்களுது. எடை போட்டு வாங்கி, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். சேதாரம் ஒரு அளவுக்கு மேல போனா கூலியில பிடிப்பாங்க. வெள்ளி விலை ஏறினா எங்க கூலி ஏறாது, ஆர்டர்தான் குறையும். கம்பி இழுக்கறது, வளையம் கோக்கறது, பொடி வெச்சு ஊதறது, எல்லாமே கையில இருக்கு. கைதான் எங்களுக்கு நிலம், நகை எல்லாம்.

நான் போடறது 'முள்ளும் மலரும்'. 1978. மகேந்திரன் இயக்கின முதல் படம், பாலு மகேந்திரா ஒளிப்பதிவு. ரஜினி அதுல விஞ்ச், அதாவது மலையில இழுவை வண்டி, ஓட்டற காளி. ஒரு கை போயிடும். கை போனா வேலையும் போயிடும். எங்க தெருவுல இருக்கிற எவனும் அந்தக் காட்சியைச் சாதாரணமா பார்க்க மாட்டான். எனக்கு உள்ள இருக்கிற பயம் திரையில ஓடுது. வெளியே ஓடறதைப் பார்த்துட்டா உள்ள கொஞ்சம் இடம் கிடைக்குது.

ஆனா நான் கத்துக்கிட்டது கடைசிக் காட்சியில. அண்ணனுக்குப் பிடிக்காத இன்ஜினியரைக் கட்டிக்கக் கிளம்பின தங்கச்சி வள்ளி, கூட்டத்தோட போகாம அண்ணன்கிட்ட திரும்பி வந்துடறா. அதுக்கப்புறம் காளியே அவளை இன்ஜினியருக்குக் கொடுக்க ஒத்துக்கறான். அப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கலைன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் கொடுக்கறான். பிடிச்ச மாதிரி நடிக்கல. எனக்கு வீட்டுல இப்படி ஒரு விஷயம் இருந்துச்சு. என் அக்கா பையன் பட்டறை வேலை வேண்டாம், ஸ்டீல் பிளாண்ட் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போறேன்னான். எனக்குப் பிடிக்கல. பிடிக்கலைன்னு சொன்னேன். சொல்லிட்டு, போடான்னு அனுப்பியும் வெச்சேன். ரெண்டும் ஒரே வாயில வரலாம்னு எனக்குக் காட்டினது அந்தப் படம்தான்.

தறிச்சத்தம்:
எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா ஒரு மாற்றுக் கருத்து. படம் படமா இருக்கட்டுமே. எதுக்கு அதுல பாடம்? எங்க அப்பா அம்மாபேட்டையில தறி ஓட்டினவர். சனிக்கிழமை கூலி வாங்கினதும் ரெண்டாவது ஆட்டத்துக்குப் போவார். கத்துக்கப் போகல, தறிச்சத்தம் காதுல இருந்து இறங்கறதுக்குப் போனார். அதுவே பெரிய விஷயம்.

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படத்துல இருந்து பாடம் எடுக்கிறவன் நல்லதை மட்டுமா எடுக்கறான்? வேண்டாம்னு சொன்ன பொண்ணு பின்னாடியே சுத்தினா ஒரு நாள் ஒத்துக்குவான்னு எத்தனை படம் சொல்லியிருக்கு. அதை நம்பின பசங்களை நான் பார்த்திருக்கேன், அதனால படிப்பை விட்ட பொண்ணையும் பார்த்திருக்கேன். காளியையே எடுத்துக்கங்க. அந்தத் தங்கச்சி வாழ்க்கையை அவன் முடிவு பண்ற அதிகாரத்தை யார் கொடுத்தது? கடைசியில கொடுத்தான்னு கை தட்டறோம். அவ வாழ்க்கை அவன் கையில எப்படி வந்துச்சுன்னு கேட்கறதில்ல.

கொலுசுப் பட்டறை:
நீங்க கேட்கறது நியாயம்தான் அண்ணா. வள்ளி பக்கம் இருந்து பார்த்தா அந்தப் படம் வேற படம். ஆனா ஒரு வார்த்தை. காளி செய்யறதெல்லாம் சரின்னு படம் சொல்லல. அவன் திமிர் அவனையே என்ன பண்ணுதுன்னு காட்டுது. காட்டறதும் சரின்னு சொல்றதும் வேற வேற.

கன்னங்குறிச்சி கணக்கு:
தறிச்சத்தம் அண்ணா, பின்னாடி சுத்தற கதைகளைப் பத்தி நீங்க சொன்னது முழுசும் உண்மை. பஸ் ஸ்டாண்டுல நின்ன எந்தப் பொண்ணும் அதை மறுக்க மாட்டா. அதனாலதான் எந்தப் படம்னு கேட்கறதோட நிறுத்தாம, எந்த இடம், மறுநாள் என்ன மாறுச்சுன்னும் கேட்டேன். மறுநாள் நடத்தையில வெச்சுப் பார்த்தா நல்லதும் கெட்டதும் தெரிஞ்சிடும்.

உங்க அப்பா ரெண்டாவது ஆட்டத்துக்குப் போனது பாடத்துக்காக இல்லதான். ஞாயித்துக்கிழமை வீட்டுல அவர் எப்படி இருப்பார்? அதைச் சொல்லுங்க, கேட்கணும்னு ஆசையா இருக்கு.

ஓமலூர் வாத்தியார்:
நல்ல விவாதம். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்பு முதலில் நிற்கிறது, அழுகை அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கணக்கு எழுதும் தங்கை சிரிப்பிலும், கொலுசுத் தம்பி அழுகையிலும் ஆறுதல் தேடுவது ஒரே வீட்டின் இரண்டு அறைகள்தாம். நான் பேச வந்தது மூன்றாவதைப் பற்றி. அவமானம். இன்றைய மன அழுத்தத்தில் பாதி அதுதான். மதிப்பெண் குறைந்தது, கடன்காரன் வாசலில் நின்றது, மேலதிகாரி நான்கு பேர் முன்னால் பேசியது.

அதற்கு நான் பார்ப்பது 'திருவிளையாடல்' தருமி. 1965இல் வந்தது. எடுத்த ஏ.பி.நாகராஜன் நம் சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர். அதில் நக்கீரராக நடித்திருப்பதும் அவரே. எல்லோரும் தருமியும் இறைவனும் மாறி மாறிக் கேட்கும் கேள்வி பதிலைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் கண் போவது அதற்குப் பின்னால் வரும் பகுதிக்கு. ஆயிரம் பொன் கையில் வந்துவிட்டது என்ற நேரத்தில் சபை நடுவே பாட்டில் குற்றம் என்கிறார்கள். வறுமையும் போகவில்லை, மானமும் போய்விட்டது. தருமி என்ன செய்கிறான்? ஓடி ஒளியவில்லை. பாட்டைத் தந்தவரிடமே திரும்பப் போகிறான். புலம்புகிறான், திட்டுகிறான், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறான். சொன்னதற்குப் பிறகுதான் கதை நகர்கிறது. அதுவரை சபையில் ஒற்றை ஆளாக நின்றவனுக்குத் துணை கிடைக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்தக் காட்சியை வகுப்பில் நடித்தே காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் சொல்வேன்: முடிவு எப்படி வந்தாலும் அன்று மாலைக்குள் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், அத்தையிடம் முடியாவிட்டால் என்னிடம். சிலர் வந்தார்கள். தோற்றதைச் சொல்ல வந்த பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுப்பேன், மதிப்பெண்ணைப் பிறகு கேட்பேன்.

தறிச்சத்தம்:
ஐயா, நீங்க எழுதினதைப் படிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. உங்க மாதிரி ஒரு வாத்தியார் எனக்குக் கிடைச்சிருக்கணும்.

அக்கா கேட்டதுக்குப் பதில். ஞாயித்துக்கிழமை அப்பா எங்களை வரிசையா உட்கார வெச்சு, முந்தின ராத்திரி பார்த்த படத்தை முழுசா சொல்லுவார். பாட்டு வந்தா பாடுவார், சண்டை வந்தா எழுந்து நின்னுடுவார். வாரம் பூரா சத்தத்துக்குள்ள பேசாம இருந்த மனுஷன் அந்த ஒரு காலையிலதான் பேசுவார். தறியில பாவு நூல் தீர்ந்துடுச்சு, கடன் இருக்கு, எல்லாம் இருக்கும். அந்த நேரத்துக்கு எதுவும் உள்ள வராது. நாங்க படம் பார்த்ததில்ல, அப்பாவைப் பார்த்தோம்.

சேர்வராயன் மிளகு:
நான் மேல இருந்து எழுதறேன். ஏற்காட்டுல சின்னத் தோட்டம், காப்பியும் மிளகும். எங்களுக்குத் தியேட்டர்னா இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணும். அதனால போன்லதான் பார்க்கறது, அதுவும் சிக்னல் இருக்கிற திண்ணையில உட்கார்ந்து.

காப்பிக்குப் பூ மழைன்னு ஒண்ணு உண்டு. மார்ச், ஏப்ரல்ல ஒரு நல்ல மழை இறங்கினா ஒரு வாரம் பத்து நாள்ல தோட்டமே வெள்ளையா பூத்துடும். அந்த மழை தப்பினா பூ சரியா வராது, பூ தப்பினா வருஷக் கடைசியில பழம் குறையும். மழையை யாரும் அதட்டி வரவழைக்க முடியாது. பம்பு வெச்சுத் தெளிக்கிற வசதி எங்களுக்கு இல்ல. அந்த ரெண்டு மாசமும் வானத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன், வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுவேன், தூக்கம் போயிடும்.

அப்போ பார்க்கறது 'கடைசி விவசாயி'. மணிகண்டன் இயக்கி 2022ல வந்தது. மாயாண்டியா நடிச்ச நல்லாண்டி ஐயா நிஜமாவே விவசாயி, படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குலதெய்வத் திருவிழாவுக்கு நெல் வேணும், ஊர்ல பயிர் வைக்கிறது அவர் ஒருத்தர்தான். செத்துக் கிடந்த மயிலைப் புதைச்சதுக்குக் கொலைப்பழி போட்டு உள்ள வெச்சுடறாங்க. கோர்ட்டுல நிக்கிறப்போ அவருக்கு வழக்கைப் பத்தின கவலையே இல்ல. பயிருக்குத் தண்ணி விடணும். அதையேதான் சொல்றார். கடைசியில அந்தம்மா, நீதிபதி, ஒரு போலீஸ்காரரை அனுப்பித் தண்ணி பாய்ச்சச் சொல்றாங்க.

வேகமில்லாத படம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அந்த நடைதான் மருந்து. மாயாண்டி நடக்கற வேகத்துக்கு என் மூச்சு இறங்கிடும். நான் எடுத்துக்கிட்டது என்னன்னா, நம்ம கையில இருக்கிற வேலை எது, இல்லாதது எதுன்னு அவர் குழப்பிக்கறதில்ல. மழை என் கையில இல்ல. நிழல் மரத்தைக் கவாத்து பண்றது, மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்துல கட்டறது, அடியில சருகு போட்டு ஈரம் காக்கறது என் கையில இருக்கு. இப்போ மார்ச் மாசத்துல காலையில எழுந்ததும் வானத்தைப் பார்க்காம முதல்ல அந்த வேலைக்குப் போயிடறேன். மழை தப்பின வருஷமும் உண்டு. நஷ்டம் நஷ்டம்தான், ஆனா வீட்டுல சண்டை இல்ல.

மேட்டூர் பையன்:
'மெய்யழகன்' யாரும் சொல்லலையே? 2024ல வந்தது. சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவன் வருஷக்கணக்கா ஊர்ப்பக்கமே வராம இருந்துட்டு ஒரு கல்யாணத்துக்காகத் திரும்ப வர்றான். ஒருத்தன் கூடவே ஒட்டிக்கிட்டு அன்பா கொட்டறான். வந்தவனுக்கு அவன் பேர் மட்டும் ஞாபகம் வரல. வெளியான பிறகு நீளத்தைக் குறைச்சாங்க. எனக்கு அந்த ராத்திரிப் பேச்செல்லாம் அப்படியே வேணும்.

நான் வேலைக்காக வெளியூர்ல இருக்கேன். யாராவது நல்லது செஞ்சா எனக்கு உடனே பதிலுக்கு என்ன செய்யறதுன்னு பதற்றம் வரும். கடன் வாங்கின மாதிரி ஆயிடும். ஊருக்குத் திரும்பி வர்றவனா நடிச்ச அரவிந்த் சாமி முகத்துல அந்தப் பதற்றம் இருக்கு. அன்பை வாங்கிக்கறதும் ஒரு பழக்கம், அதுக்கும் மனசு திறக்கணும்னு புரிஞ்சது. போன பொங்கலுக்கு மாமா வீட்டுல மூட்டை கட்டிக் கொடுத்ததை எதுக்குன்னு கேட்காம வாங்கிட்டு வந்தேன்.

அழகாபுரம் மொட்டைமாடி:
'36 வயதினிலே'. ஜோதிகா மொட்டைமாடியில காய்கறி போடறது. பார்த்துட்டு நானும் ஆரம்பிச்சேன், சேலம் வெயிலுக்குக் கீரையும் கத்திரியும் தாக்குப் பிடிக்குது, வலை கட்டணும். அதுல ஜோதிகா பெரிய மேடையில பேசற இடம் எனக்கு அவ்வளவா ஒட்டல. காய் பறிக்கற இடம் போதும்.

அஞ்சுரோடு:
'அன்பே சிவம்' சொல்லலாம்னு வந்தேன். வந்தப்போ ஓடல, இப்போ எல்லாரும் கொண்டாடறாங்க. நல்ல படம்தான், ஆனா களைச்சு வர்ற ராத்திரியில எனக்குத் தாங்காது. லீவு நாள்ல பார்ப்பேன்.

இரவுப்பணி:
செவிலியரா இருக்கேன். அஞ்சுரோடு அண்ணன் சொன்னதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு: எந்த நேரத்துல எந்தப் படம்.

இரவுப்பணி முடிஞ்சு காலையில வீட்டுக்கு வந்தா உடம்பு விழுந்துடும், மனசு மட்டும் வார்டுலயே சுத்தும். அந்த நேரத்துல திகில் படமோ, அடுத்து என்ன ஆகும்னு இழுக்கற தொடரோ போட்டா போச்சு. கண்ணுக்கு அது கதை, உடம்புக்கு அது தெரியாது. நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், தூக்கம் தள்ளிப் போகும். ஏற்கெனவே தெரிஞ்ச படம், சத்தம் குறைச்சு, ஒரே ஒரு பகுதி. எனக்கு 'மைக்கேல் மதன காமராஜன்'ல காமேஸ்வரன் வர்ற இடங்கள். கல்யாணச் சாம்பார்ல மீன் விழுந்துட்டு அவர் தவிக்கற தவிப்பு. கிரேசி மோகன் வசனம் எனக்கு முன்னாடியே வாயில வந்துடும். வாய்விட்டுச் சிரிக்கும்போது மூச்சு நீளமா வெளியே போகும், சிரிச்சு முடிச்சதும் உடம்பு தளரும். அந்தத் தளர்ச்சியிலேயே போனை அணைச்சுட்டுப் படுத்துடணும். இன்னொரு காட்சின்னு போனா மத்தியானம் ஆயிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்க எழுதியே ஆகணும். படம் பார்த்தும் சிரிப்பே வரல, பிடிச்ச படமே பிடிக்கல, ரெண்டு வாரமா சரியான தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, இருந்து என்ன பண்றதுன்னு நினைப்பு வருதுன்னா, அதைப் படத்தால சமாளிக்கப் பார்க்காதீங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலி மனஸ், 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். காய்ச்சலுக்குப் போற மாதிரி போயிட்டு வரலாம்.

கன்னங்குறிச்சி கணக்கு:
இரவுப்பணி அக்கா, இந்த எண்ணை எங்க ஆபீஸ்ல தண்ணி வைக்கிற இடத்துல எழுதி ஒட்டப் போறேன். ரொம்ப நன்றி.

இதுக்கு நடுவுல ஒரு கேள்வி. நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த படங்களை யாரும் சொல்லலையே? நான் தினமும் அந்த ஸ்டுடியோவோட நுழைவாசல் வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன்.

ஓமலூர் வாத்தியார்:
கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

டி.ஆர்.சுந்தரம் அதைத் தொடங்கியது 1935இல், ஏற்காடு சாலையில். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இங்கிருந்து போயின. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938இல் இந்தச் சேலத்தில்தான் தயாரானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அவர்கள் எடுத்ததே. நடிப்பவர், எழுதுபவர், பாட்டுப் போடுபவர் எல்லோரும் ரயில் ஏறி நம் ஊருக்கு வந்த காலம். இன்று அந்த வளைவு மட்டும் நிற்கிறது.

ஆனால் பெருமை பேச வரவில்லை. இந்த இழைக்குத் தேவையான ஒரு காட்சி அவர்கள் படத்திலேயே இருக்கிறது. 'மந்திரி குமாரி', 1950. எல்லிஸ் டங்கனும் சுந்தரமும் இயக்கியது, மு.கருணாநிதி எழுதியது. வேர் குண்டலகேசிக் கதை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிஞ்சின. கொள்ளைக்காரக் கணவன் பார்த்திபன், மனைவி அமுதவல்லியை ஆசையாக அழைத்துப் பாடிக்கொண்டே மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். உச்சியில் நின்று, உன்னைத் தள்ளிக் கொல்லவே கொண்டுவந்தேன் என்கிறான். கத்தினால் கேட்க ஆளில்லை. ஓடினால் வழியில்லை. பலத்தில் அவனுக்கு ஈடில்லை. அவள் என்ன கேட்கிறாள்? சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி. அவன் சம்மதிக்கிறான். மூன்றாவது சுற்றில் பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும் நடித்தது. சின்ன வயதில் அந்தத் தள்ளுதலுக்காகப் பார்த்தேன். வயதான பிறகு அந்த மூன்று சுற்றுக்காகப் பார்க்கிறேன். பதற்றத்தின் உச்சியில் அவள் கேட்டு வாங்கியது கொஞ்சம் நேரம். முதல் சுற்றில் அழுதிருப்பாள். இரண்டாவதில் யோசித்திருப்பாள்.

இரவுப்பணி:
ஐயா, இது எங்க வேலைக்கே நேரா பொருந்துது. அவசரத்துல நோயாளியோட சொந்தக்காரங்க நாலு பேர் ஒரே நேரத்துல கத்தும்போது புதுசா வந்த பொண்ணுங்க அழுதுடும், இல்லைன்னா பதிலுக்குக் கத்திடும். ஊசி மருந்தோட பேரையும் அளவையும் வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் போடணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அது தப்பு நடக்காம இருக்கறதுக்கு. அந்த சில நொடியில கை நடுக்கமும் நிக்கும். அடுத்த தடவை புதுப் பொண்ணுங்களுக்கு அமுதவல்லியைச் சொல்லிடறேன்.

தறிச்சத்தம்:
நான் முதல்ல எதுக்குப் பாடம்னு கேட்டேன். இப்பவும் என் கருத்து அதுதான், கொஞ்சம் வேற மாதிரி. பாடத்தைத் தேடிக்கிட்டுப் படத்துக்கு உட்கார்ந்தா ரெண்டும் கிடைக்காது. இங்க எழுதின யாரும் பஞ்ச் வசனத்தைச் சொல்லலை, கவனிச்சீங்களா? தண்ணி பாய்ச்சறது, சுத்தி வர்றது, காய் பறிக்கறது, பாட்டு கொடுத்தவர்கிட்டயே போய்ப் புலம்பறது. எல்லாம் ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்யற விதம். ரசிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா அது கையில ஒட்டிக்குது. பேசற வசனம் கைதட்டலோட தியேட்டர்லயே நின்னுடுது.

நானும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். எங்க வீட்டுல ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. வர்ற ஞாயித்துக்கிழமை பசங்களை உட்கார வெச்சு அப்பா மாதிரி ஒரு படத்தை வாயால சொல்லிப் பார்க்கறேன்.

கொலுசுப் பட்டறை:
சொல்லுங்கண்ணா. பாட்டை விட்டுடாதீங்க.

சங்ககிரி:
இழையைப் படிச்சுக்கிட்டே வந்தேன், இப்போ ஒரு உதவி வேணும். எங்க அப்பாவுக்கு நாளைக்கு குடலிறக்க ஆபரேஷன். பெரிய ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்பாதான் பயந்துபோய் இருக்கார். ராத்திரி தூங்க வைக்கவும், அப்புறம் படுக்கையில இருக்கிற நாளுக்கும் என்ன படம் போடலாம்? அவருக்கு நாகேஷ்னா உயிர்.

அஞ்சுரோடு:
நாகேஷ்னா 'எதிர்நீச்சல்' போடுங்க தம்பி. மாடிப்படி மாது.

இரவுப்பணி:
தம்பி, இன்னைக்கு ராத்திரி நாகேஷ் போடுங்க, தாராளமா சிரிக்கட்டும். ஆனா எத்தனை மணிக்கு மேல சாப்பாடு தண்ணி கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, படம் பார்க்கற சாக்குல காப்பி கொடுத்துடாதீங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் சில நாள் சிரிப்புப் படம் வேண்டாம். வயித்துல தையல் இருக்கும்போது குலுங்கிச் சிரிச்சா சுரீர்னு வலிக்கும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, சிரிப்பு வந்தாலும் அதையே செய்யலாம். பாட்டு இருக்கிற படமா, மெதுவா போற படமா பாருங்க. அவருக்கு நாதஸ்வரம் பிடிக்குமா? 'தில்லானா மோகனாம்பாள்' நல்லா இருக்கும். சிவாஜிக்காக வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் போதும்.

சங்ககிரி:
நாதஸ்வரம்னா ஆபரேஷனையே மறந்துடுவார் அக்கா. ஆனா அதுலயும் நாகேஷ் வருவாரே, வைத்தி?

இரவுப்பணி:
வருவார். தலையணையைக் கையிலேயே கொடுத்து வெச்சுடுங்க.